கைகளில் குடியேறிய கிரேக்கக் கதைகள்

போன வாரம் நித்யா ஒரு காணொளி அனுப்பியிருந்தாள். நான் ஓய்வு பெற்ற வேலையை இப்போது பார்ப்பவள் அவள். காது கேளாத மாணவர்கள் படிக்கும் கல்லூரி வகுப்பில் ஆசிரியர் பேசுவதைச் சைகை மொழியில் சொல்வதும், மாணவர்கள் கையால் சொல்வதைக் குரலில் சொல்வதும்தான் அந்த வேலை. காணொளியில் ஒரு பொம்மை மனிதன் நீலச் சட்டை போட்டுக்கொண்டு, சிரித்த முகத்தோடு, கிரேக்கக் கதை ஒன்றைக் கையால் சொல்லிக்கொண்டிருந்தான். புதிதாக வந்திருக்கும் செயலியாம். எழுத்தைக் கொடுத்தால் அதுவே சைகை காட்டிவிடுமாம். இடியை ஆயுதமாக வைத்திருக்கும் தேவராஜாவின் பெயர் வந்ததும் அந்தப் பொம்மை ஒவ்வொரு எழுத்தாக விரலை மடக்கி மடக்கி நீட்டியது. அது முடிவதற்குள் எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது.

"அக்கா, நீங்கெல்லாம் இவருக்கு ஒரே ஒரு சைகைதான் காட்டுவீங்களாமா? அதை யாருங்கக்கா கண்டுபிடிச்சது?" என்று கீழே எழுதியிருந்தாள்.

கைபேசியில் தட்டி எழுதி மாளாது என்பதால் அவளுக்கும் மற்றவர்களுக்குமாகச் சேர்த்து இங்கே எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரையில் கிரேக்கத் தேவர்கள், வீரர்கள் எவர் பெயரும் வராது. அவர்களை நான் பத்தொன்பது வருடம் கையால்தான் கூப்பிட்டிருக்கிறேன். இப்போது எழுத்தில் எழுதினால் வேறு யாரோ மாதிரித் தெரிகிறது.

என் அப்பா, அம்மா இருவருக்கும் காது கேட்காது. அப்பாவுக்குப் பீளமேட்டில் ஒரு மில்லில் வேலை. நூற்புப் பிரிவில் இயந்திரங்கள் போடும் இரைச்சலில் காது கேட்கிறவர்களுக்கே ஒன்றும் கேட்காது. அதனால் அங்கிருந்தவர்கள் எல்லோரும் அப்பாவிடம்தான் கைப்பேச்சு கற்றுக்கொண்டார்கள். அந்த எட்டு மணி நேரமும் மில்லுக்குள் நன்றாகப் பேசத் தெரிந்த ஆள் அவர்தான். எனக்கு வாய்ப்பேச்சு வருவதற்கு முன்பே கைப்பேச்சு வந்துவிட்டது என்று பெரியம்மா சொல்வார். பின்னால் முறையாகப் பயிற்சி எடுத்தேன். கோர்ட், ஆஸ்பத்திரி, பதிவாளர் அலுவலகம் என்று அலைந்தேன். அதையெல்லாம் விரித்தால் இந்தக் கட்டுரை முடியாது.

பயிற்சியில் சொல்லிக்கொடுத்த விதிகளை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் பின்னால் நடந்தது அவற்றால்தான் நடந்தது. பூப்போட்ட சேலை கூடாது, வளையல் கூடாது. கை தெளிவாகத் தெரிய வேண்டும். பேசுகிறவர் 'நான்' என்றால் நாமும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். 'அவர் என்ன சொல்கிறார் என்றால்' என்று இழுக்கக் கூடாது. காதில் விழுந்த எல்லாவற்றையும் கையில் சொல்ல வேண்டும். கையில் வந்த எல்லாவற்றையும் குரலில் சொல்ல வேண்டும். ஒரு சொல் கூடவும் கூடாது, ஒரு சொல் குறையவும் கூடாது. பாவம் என்று நினைத்து ஒருவருக்காக நாமே ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னால், அந்த நொடியில் அவர் வாயை நாம் பிடுங்கிக்கொள்கிறோம் என்று அர்த்தம்.

கல்லூரியில் காது கேளாதோர் பிரிவுக்குத் தலைவர் ஞானம் மேடம். கிரேக்க, ரோமானியப் புராணங்களையும் இலக்கியத்தையும் எளிமையாக அறிமுகப்படுத்தும் ஒரு பாடத்தை அவரே நடத்தினார். ஒல்லியான உருவம், வெள்ளைச் சேலை, விரலிடுக்கில் எப்போதும் சாக்பீஸ். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. மாணவர்களுக்குக் கேட்காது, சரி. எனக்காகவாவது கொஞ்சம் உயர்த்தியிருக்கலாம். கடைசிவரை உயர்த்தவில்லை. பேசும்போது மாணவர்களைத்தான் பார்ப்பார், என்னை ஒருநாளும் பார்த்ததில்லை. எங்கள் தொழிலில் இதைவிடப் பெரிய மரியாதை கிடையாது.

வகுப்புக்குப் பத்து நிமிடம் முன்னால் என்னைக் கூப்பிட்டு ஒரு துண்டுச் சீட்டைக் கொடுப்பார்.

"அம்மணி, இன்னைக்கு யார் யார் சாகறாங்க, யார் யார் மரமாறாங்கனு இதுல எழுதியிருக்கேன். பார்த்துக்கோங்க."

வேடிக்கைக்காக இல்லை. சைகை மொழியில் கதை சொல்பவர் ஆட்களைக் காற்றில் ஆளுக்கோர் இடத்தில் நிறுத்திவைக்க வேண்டும். ஒருவரை வலப்பக்கம் வைத்தால் கதை முடியும்வரை அவர் வலப்பக்கம்தான். நடுவில் ஒரு பெண் மரமாகி வேர்விடப் போகிறாள் என்றால் அவளுக்குக் கொஞ்சம் இடம் விட்டுவைக்க வேண்டும். சாகப் போகிறவனை ஓரத்தில் வைத்தால் பிணம் வழியில் கிடக்காது. கிரேக்கக் கதைகளில் சாகிறவர்கள் ஒன்றிரண்டு பேர் இல்லை. சில நாள் சீட்டின் இரண்டு பக்கமும் நிரம்பியிருக்கும்.

முதல் வாரத்திலேயே நான் தப்புச் செய்தேன். அத்தனை பெயர்களையும் விரலால் எழுத்துக் கூட்ட முடியாது என்று, வீட்டில் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு தேவருக்கும் நானே ஒரு சைகை செய்துகொண்டு போனேன். இடிக்காரருக்குக் கையை உயர்த்தி மின்னலை எறிகிற மாதிரி ஒன்று. எனக்கு அதில் பெருமை வேறு. காட்டி முடித்ததும் முன்வரிசையில் இருந்த கதிர்வேல் எழுந்து நின்றார். அவிநாசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த பையன், நல்ல உயரம். கையால் அவர் கேட்டது இதுதான்: "பேர் வெக்கிறதுக்கு நீங்க யாருங்க?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. கேட்டது நியாயம். காது கேளாதோரிடையே ஒருவருக்குச் சைகைப் பெயர் வைக்கும் உரிமை அவர்களுக்கு மட்டும்தான். கேட்கிறவர்கள் வைக்கக் கூடாது. எனக்கே என் பெயரை என் அம்மாவின் தோழிகள்தான் வைத்தார்கள். அந்தப் பெயரும் சும்மா வராது. ஆளை நன்றாகப் பார்த்து, கன்னத்து மச்சம், நெற்றித் தழும்பு, நடக்கும் விதம், ஓயாமல் மூக்கைத் தடவும் பழக்கம் என்று அவரிடம் கண்ணுக்குத் தெரிகிற ஒன்றைப் பிடித்துத்தான் வைப்பார்கள். இது தெரிந்தே நான் மீறினேன். தேவர்கள்தானே, யார் கேட்கப் போகிறார்கள் என்று நினைத்துவிட்டேன்.

ஞானம் மேடம் சாக்பீஸைக் கீழே வைத்தார். "அப்ப நீங்களே வெய்யுங்க. நான் காத்திருக்கேன்" என்று வகுப்பைப் பார்த்துச் சொன்னார்.

அதற்குப் பிறகு அந்த வகுப்பு வேறு வகுப்பாகிவிட்டது. பெயர் வைப்பதற்கு ஆளைப் பார்க்க வேண்டும் என்பதால் கேள்வி மேல் கேள்வியாக வந்தது. கொல்லுப்பட்டறைத் தேவர் நொண்டி என்று மேடம் சொன்னார். "எந்தக் கால்லங்க நொண்டுவார்?" என்று ஒரு பெண் கேட்டாள். மேடத்துக்குத் தெரியவில்லை. அன்று மாலை நூலகத்தில் உட்கார்ந்து பழைய மூலங்களின் மொழிபெயர்ப்புகளைப் புரட்டிவிட்டு மறுநாள் வந்து, "கால் வளைஞ்சிருக்கும்னு சொல்றாங்க, எந்தக் கால்னு சொல்லலை. ரெண்டுமா இருக்கலாம்" என்றார். அத்தனை வருடம் அதை நடத்தியவர், அந்தக் கால்களை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்ததாக என்னிடம் ஒப்புக்கொண்டார்.

இடிக்காரருக்கு அவர்கள் வைத்த பெயரை நித்யா கேட்டாளே, அது இதுதான்: உள்ளங்கையை மார்பில் வைத்து லேசாக அதிரவிட வேண்டும். அவர்களுக்கு இடியின் சத்தம் தெரியாது. இடி விழும்போது ஜன்னல் கண்ணாடி அதிர்வதும் நெஞ்சுக்குள் ஒரு குலுக்கல் வருவதும் தெரியும். மின்னலை எறியும் கையைக் காட்டிய நான் அவரை வெளியே நின்று பார்த்தவள். இவர்கள் அவரை நெஞ்சில் வாங்கியவர்கள். அந்தச் சைகையை முதலில் கண்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. இப்போதும் மழைக்காலத்தில் இடி இடித்தால் என் கை தானாக மார்புக்குப் போகிறது.

பாதாளத்து ராஜாவுக்குத்தான் இரண்டு நாள் ஆயிற்று. அவரிடம் ஒரு தலைக்கவசம் உண்டு, அணிந்தால் ஆள் கண்ணுக்குத் தெரிய மாட்டார். கண்ணுக்குத் தெரியாதவருக்குக் கண்ணால் பார்த்து எப்படிப் பெயர் வைப்பது? கடைசியில், ஒருவர் இருப்பதாக நினைத்துத் திரும்பிப் பார்த்து, யாரும் இல்லை என்று முகத்தைத் திருப்பிக்கொள்வதையே பெயராக வைத்தார்கள். கையே இல்லாத பெயர். அந்த ராஜா பூமித்தாயின் மகளைக் கீழே இழுத்துக்கொண்டு போன கதையையும், மகள் திரும்பும்வரை தாய் துக்கத்தில் நிலத்தைக் காயப்போட்ட கதையையும் சொன்ன அன்று கதிர்வேல் கேட்டார், "அந்தப் புள்ளை இன்னும் எங்க ஊருக்குத் திரும்பலையாங்க?" அவர்கள் தோட்டத்தில் மூன்றாவது ஆழ்குழாய்க் கிணறும் அந்த வருடம் வற்றிப்போயிருந்தது.

பாட்டுப் பாடி மாலுமிகளை மயக்கிக் கொல்லும் தீவுப் பெண்களின் கதை வந்தபோது வகுப்பே கொண்டாடியது. மாலுமிகள் காதில் மெழுகை அடைத்துக்கொண்டு தப்பித்தார்கள் என்று சொன்னதும், "எங்களைக் கூட்டிட்டுப் போயிருந்தா மெழுகுச் செலவு மிச்சமுங்க" என்று ஒரே சிரிப்பு.

இன்னொரு தப்பும் செய்தேன். இது எங்கள் தொழிலில் இருப்பவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. பத்து வருட முற்றுகைப் போரில் நகரத்தை என் இடப்பக்கமும், கிரேக்கர்களின் கப்பல்களை வலப்பக்கமும் வைத்திருந்தேன். ஒருநாள் ஜன்னல் வெயில் மாணவர்கள் கண்ணில் அடிக்கிறது என்று நான் கரும்பலகையின் மறுபக்கம் போய்ச் சுவரை ஒட்டித் திரும்பி நின்றேன். கவனமில்லாமல் கைகளையும் மாற்றிவிட்டேன். நகரம் கடலுக்குள் போய்விட்டது, கப்பல்கள் மலைமேல் ஏறிவிட்டன. மதிலுக்கு வெளியே சண்டை போட்டுக்கொண்டிருந்த மூத்த இளவரசன், என் கணக்கில், எதிரியின் கூடாரத்துக்குள் போய்ப் படுத்துக்கொண்டான். வகுப்பில் முப்பது கைகள் ஒரே நேரத்தில் எழுந்தன. "ஏனுங், இவன் கட்சி மாறிப்போட்டானா?" ஞானம் மேடம் அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தார். அதன்பின் தரையில் சாக்பீஸால் ஒரு கட்டம் போட்டு, வெயிலோ மழையோ, அதற்குள்ளேயே நிற்கச் செய்தார்.

ரோமானியர்களின் கதையில், எரியும் நகரத்திலிருந்து ஒருவன் கிழட்டு அப்பாவை முதுகில் சுமந்துகொண்டு தப்பிப் போவான். பின்னால் வந்த மனைவி நெரிசலில் தொலைந்துபோவாள், ஊரைத் தாண்டும்வரை அவனுக்கு அது தெரியவே தெரியாது. எப்படித் தெரியாமல் போகும் என்று மாணவர்களுக்கு ஆற்றாமை. ஒருவன் இன்னொருவனை முதுகில் தூக்கிக்கொண்டு வகுப்பைச் சுற்றி வந்தான். இரண்டு சுற்றுக்குப் பின் இறக்கிவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னான், "கழுத்தைத் திருப்ப முடியலைங்க. அவன் மேல தப்பில்லை."

போருக்குப் போய் இருபது வருடம் கழித்துப் பிச்சைக்காரன் வேடத்தில் வீடு திரும்பும் சூழ்ச்சிக்கார வீரன் ஒருவன் உண்டு. அவனுக்கு வகுப்பு முதலில் வைத்த பெயர் நெற்றிப்பொட்டில் விரலைச் சுழற்றுவது, மூளைக்காரன் என்று. பிறகு ஒருநாள் அந்தக் காட்சி வந்தது. வேடத்தில் இருப்பவனை மனைவிக்கே அடையாளம் தெரியவில்லை. வளர்த்த தாதிக்கிழவி அவன் காலைக் கழுவும்போது, முழங்காலுக்கு மேலே இளவயதில் பன்றி கிழித்த தழும்பு அவள் கையில் தட்டுகிறது. ஆளைக் கண்டுகொண்ட அதிர்ச்சியில் அவள் பிடித்த கால் நழுவுகிறது, பாத்திரம் கவிழ்கிறது, தண்ணீர் தரையெல்லாம் ஓடுகிறது. நான் அதைக் கையில் சொல்லி முடிக்கும்முன் பாதி வகுப்பு எழுந்து நின்றுவிட்டது. "அதுதான் அவன் பேரு! முதல்லயே ஏன் சொல்லலை?" அன்றிலிருந்து அவன் பெயர் முழங்காலுக்கு மேலே ஒரு தடவல். இத்தனை ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஒரு கதையில் தங்களுடைய பெயர் வைக்கும் வழக்கம் இருப்பதைக் கண்டு அவர்கள் திகைத்து நின்றதை என்னால் மறக்கவே முடியாது.

அந்தக் கதையைப் பாடிய கவிக்குக் கண் தெரியாது என்றொரு நம்பிக்கை உண்டு என மேடம் சொன்னார். கண் தெரியாத ஒருவர் குரலால் பாடியது, காது கேளாத முப்பது பேரின் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. நடுவில் எத்தனை பேர் கொண்டுவந்திருப்பார்கள்! அந்த வரிசையின் கடைசியில் பீளமேட்டில் சாக்பீஸ் கட்டத்துக்குள் நான் நிற்கிறேன் என்று நினைத்தபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அழுதுகொண்டேதான் மீதிப் பாடத்தைச் சொன்னேன்.

இனி கதிர்வேலின் தேர்வு. எங்கள் தொழிலில் நடந்ததை வெளியே சொல்லக் கூடாது. அவரிடம் கேட்டு, அவர் சரி என்று சொன்ன பிறகே எழுதுகிறேன். கதிர்வேல் என்பதும் மாற்றி வைத்த பெயர்.

அந்தப் பாடத்தில் கதிர் இரண்டு முறை தோற்றார். கதை முழுக்கத் தெரியும், ஆனால் தாளில் கிரேக்கப் பெயர்களைப் பிழையில்லாமல் எழுத வராது. மற்ற எல்லாத் தாள்களிலும் தேறிவிட்டார். இதற்குள் ஒரு வங்கித் தேர்வு எழுதி வேலைக்கு உத்தரவும் வந்துவிட்டது. பட்டம் பெற்றதற்கான சான்றோடு இரண்டு வாரத்துக்குள் சேர வேண்டும், இல்லையென்றால் அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும். அந்த முறை எழுத்துத் தேர்வுடன் நேர்முகத் தேர்வும் உண்டு என்று மேடம் போராடி வாங்கியிருந்தார். எழுத்தில் குறைவாக வாங்கியதை நேர்முகத்தில் எடுத்தால்தான் தேர்ச்சி. அன்று அறைக்குள் உள்ளூர் ஆசிரியர் இருக்கக் கூடாது என்பதால் மேடம் வெளியே மரத்தடியில் நின்றார். உள்ளே வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், கதிர், நான்.

தேர்வாளர் வயதில் பெரியவர், நல்ல படிப்பாளி என்று பார்த்தாலே தெரியும். கதிரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தே பேசினார்.

"எனக்கு ஒரு விஷயம் புரியலைம்மா. இவங்களுக்குக் கம்ப்யூட்டர், கணக்கு சொல்லிக்கொடுத்தா பிழைச்சுக்குவாங்க. கிரேக்க இலக்கியம் எதுக்கு?"

காதில் விழுந்த எல்லாம் கைக்கு வர வேண்டும் என்பது விதி. அதையும் கதிருக்குச் சொன்னேன். அவர் முகம் மாறவில்லை.

"சரி, அவன்கிட்ட கேளுங்க" என்று தேர்வாளர் தொடங்கினார். அதையும் சொன்னேன். கதிர் கையால் சொன்னதை நான் குரலில் சொன்னேன், "நான் இங்கதானுங்க இருக்கேன். என்கிட்டயே கேளுங்க."

தேர்வாளர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். கோபமா, கூச்சமா என்று தெரியவில்லை. "இதுல ஒண்ணு தெளிவா இருக்கணும்மா. நீங்க சேர்த்துச் சொன்னா அது உங்க பதில், அவனுடையது இல்லை. நடுவுல நிறுத்தினா, அவனுக்குத் தெரியலைன்னு எடுத்துக்குவேன்" என்றார்.

முதல் கேள்விக்கு ஒரு வீரனின் பெயரைக் கேட்டார். கதிர் விரலால் எழுத்துக் கூட்டினார், நடுவில் இரண்டு எழுத்து விட்டுப்போயிற்று. எனக்குச் சரியான பெயர் நாக்கு நுனியில் நின்றது. விட்டுப்போன எழுத்துகளை விட்டபடியே சொன்னேன். தேர்வாளர் தலையை ஆட்டிக்கொண்டு மதிப்பெண் தாளில் எதையோ குறித்தார். அடுத்த கேள்வியும் பெயர்தான். அதுவும் பாதியில் நின்றது.

மூன்றாவதாக, "போர்க்கதையோட கடைசிப் பகுதியைச் சொல்லச் சொல்லுங்க. கிழ அரசர் எதிரியோட கூடாரத்துக்குப் போற இடம்" என்றார்.

அந்த இடம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முற்றுகையிட்டவர்களின் மாவீரன், நகரத்தின் மூத்த இளவரசனைக் கொன்று, உடலைத் தேரில் கட்டித் தினமும் புழுதியில் இழுக்கிறான். எரிக்கக்கூடக் கொடுக்கவில்லை. மகனின் உடலைக் கேட்டு, அப்பாவான கிழ அரசர் தன்னந்தனியாக எதிரியின் கூடாரத்துக்குள் போகிறார். கொன்றவனின் காலடியில் மண்டியிட்டு, மகனைக் கொன்ற அந்தக் கைகளைப் பிடித்து முத்தமிடுகிறார்.

கதிர் எழுந்து நின்றார். தோள் கூனியது, முகத்தில் எழுபது வயது வந்தது. கிழவர் கூடாரத்துத் திரையை விலக்கி உள்ளே வந்தார். நான் குரல் கொடுத்துக்கொண்டே போனேன். கிழவர் மண்டியிட்டார். எதிரே இருந்தவனின் கைகளை எடுத்துத் தன் உதட்டுக்குக் கொண்டுபோனார். நான் சொன்னேன், "நான் செஞ்ச மாதிரி உலகத்துல எவனும் செஞ்சதில்லை. என்ற புள்ளையைக் கொன்ன கைக்கு நானே முத்தம் கொடுக்கறேன்."

பிறகு கதிர் உடலைத் திருப்பி உட்கார்ந்தார். சைகையில் ஆள் மாறுவது அப்படித்தான். இப்போது அவர் கொன்றவன். இரண்டு கைகளும் முன்னால் நீண்டு, யாரோ பிடித்திருப்பது போல ஒன்றோடொன்று சேர்ந்து அந்தரத்தில் நின்றன. அசையவில்லை. விரல்கூட அசையவில்லை. கண்கள் மட்டும் அந்தக் கைகளைப் பார்த்தன, பிறகு கண்ணுக்குத் தெரியாத ஒரு நரைத்த தலையைப் பார்த்தன, திரும்பவும் கைகளைப் பார்த்தன.

எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. மின்விசிறி சுற்றியது. 'அவன் வாயடைத்துப்போனான்' என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும், கதிர் தப்பித்திருப்பார். சொல்லலாமா என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதை மறைக்கப்போவதில்லை. இரண்டு வாரத்தில் போய்விடப்போகிற அந்த வேலை கண் முன்னால் நின்றது. ஆனால் அந்த வாக்கியம் என்னுடையதாக இருந்திருக்கும். கதிர் அதைச் சொல்லவில்லை.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்று தேர்வாளர் கேட்டார். பேனா மதிப்பெண் தாளுக்குப் போயிருந்தது.

எங்கள் சொந்தக் குரலில் பேச எங்களுக்கு ஒரே ஒரு அனுமதி உண்டு, விளக்கம் கேட்டால் மட்டும். "மொழிபெயர்ப்பாளரா சொல்றேனுங்க. நான் நிறுத்தலைங்க. அந்த வீரனால பேச முடியாதுங்க. அவன் கையை அந்தப் பெரியவர் பிடிச்சிருக்கார்" என்றேன்.

தேர்வாளர் அப்போதுதான் முதன்முறையாகக் கதிரைப் பார்த்தார். பேனா அப்படியே நின்றது. கதிரின் கைகள் அந்தரத்திலேயே இருந்தன. நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. ஊரில் எத்தனையோ பேர் மேடையில் அழுது பார்த்திருக்கிறேன், ஆனால் இரண்டு கைகள் சும்மா இருப்பதைப் பார்த்து மூச்சுவிடப் பயந்தது அன்றுதான்.

பிறகு மெதுவாகக் கதிரின் வலக்கை விடுபட்டது. கிழவரின் தோளை மெல்ல விலக்கியது. நான் திரும்பவும் குரல் கொடுத்தேன். "எங்கப்பனும் இந்நேரம் ஊட்டுல தனியா உக்காந்திருப்பார். நானும் அவருக்குத் திரும்பக் கிடைக்கப்போறதில்லை. எந்திரிங்க. உங்க புள்ளையைக் கழுவித் தரச் சொல்றேன். காயத்தை நீங்க பார்க்க வேண்டாம்."

முடிந்ததும் தேர்வாளர் கதிரிடமே, கதிரைப் பார்த்தே கேட்டார். "அவன் கை பிடிபட்டுப் பேசாம இருந்தது மூலத்துல இப்படி இல்லையேப்பா. உனக்கு எங்கிருந்து வந்தது?"

கதிர் சொன்னார், நான் 'நான்' என்றே சொன்னேன். "சின்னப் பள்ளிக்கூடத்துல சைகை காட்டக் கூடாது, வாயிலதான் பேசணும்னு என்ற கையை முதுகுக்குப் பின்னால கட்டி உக்கார வெச்சாங்க. அஞ்சு வருஷமுங்க. கட்டுன கையில ஆத்திரம்தான் இருக்கும். ஆனா பிடிச்ச கை வேறங்க. அவன் கை அதுக்கு முன்னாடி கொல்லத்தான் போயிருக்கு. அதை யாரும் பிடிச்சதே இல்லை. அதனால அவனுக்கு என்ன சொல்றதுன்னு தெரியலை."

'என்ற கை', அதாவது என் கை, என்று நான் சொன்னபோது தேர்வாளரின் பார்வை ஒருகணம் என் கைக்கு வந்து, பிறகு கதிரின் கைக்குப் போயிற்று.

"வருஷா வருஷம் இந்த இடத்தை நடத்தறேன். அவன் ஏன் உடனே பதில் சொல்லலைன்னு ஒருநாளும் நான் கேட்டுக்கிட்டதில்லை" என்றார். மதிப்பெண் தாளில் எழுதினார். எழுதிய தேர்ச்சி மதிப்பெண்ணைத் திருப்பி இரண்டு பேருக்கும் காட்டினார். கதிர் அதைப் படித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். மரத்தடியில் நின்ற ஞானம் மேடத்துக்கு அவர் முகத்தைப் பார்த்தே விஷயம் தெரிந்திருக்க வேண்டும், கையிலிருந்த சாக்பீஸைக் கீழே போட்டுவிட்டார்.

தேர்வாளர் மேசையைச் சுற்றி வந்தார். கதிரின் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். ஏதோ சொல்ல வந்தவருக்கு, தான் பிடித்துக்கொண்டிருப்பது என்னவென்று சட்டென உறைத்தது. நெருப்பைத் தொட்டவர் மாதிரி விட்டார்.

"மன்னிச்சுக்கப்பா. உன்னைப் பேசவிடாம பண்ணிட்டேன்."

நான் அதைக் கையில் சொன்னேன். கதிர் அவரைப் பார்த்துச் சிரித்தார். விடுபட்ட கைகளால் அவர் சொன்னதை நான் குரலில் சொன்னேன்.

"இன்னும் கொஞ்ச நேரம் பிடிச்சிருக்கலாமுங்க."